நைரோபி மாநகரின் வளர்ச்சியும் வாடகைச் சேரிகளும் – ஒரு நோக்கு

ஆபிரிக்க நகரங்களின் துரித வளர்ச்சி பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு சித்திரங்களை எம்முன் வைப்பர். கிராமங்களை விட்டு நகர் நோக்கி ஓயாது வந்துகொண்டிருக்கும் மக்கள் திரள் ஒன்று. அத்திரள் அரச காணிகளில் அத்துமீறிப் புகுந்து தன் கையாலேயே அமைத்துக்கொண்ட குடிசைத் தொகுதி மற்றொன்று. கென்யாவின் தலைநகராகிய நைரோபிக்கு இவற்றைப் பொருத்திப் பார்க்குமிடத்து முதலாவது ஓரளவிற்குப் பொருந்துகின்றது. இரண்டாவது பெரிதும் இடறுகின்றது. 2004 ஆம் ஆண்டு உலக வங்கியின் சார்பில் நைரோபிச் சேரிகளில் 1,755 குடும்பங்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு, அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு குடும்பத்தினர் வாடகை செலுத்துவோர் எனக் கண்டது. குடிசையை அமைத்தவர் ஒருவர். அதில் வாழ்பவர் வேறொருவர். இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ளாது நைரோபியின் சேரிகளை விளங்கிக்கொள்ள முடியாதென்பதும், அவற்றைச் சீர்செய்யும் நோக்குடன் வகுக்கப்பட்ட திட்டங்கள் வழி தவறியமைக்கு இதுவே தலையாய காரணம் என்பதும் எமது கருத்தாகும். இக்கருத்தினை அந்நகரின் வரலாற்றோடும் அங்குள்ளோரின் அன்றாட வாழ்க்கையோடும் பொருத்தி இக்கட்டுரையில் நோக்குவோம்.

'சேரி' என்னும் சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. பண்டைத் தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் தெருவையோ ஊர்ப்பகுதியையோ மட்டும் குறித்த இச்சொல் காலப்போக்கில் இழிபொருள் பெற்றது. நைரோபிச் சேரிகளில் வாழ்வோர் தமது குடியிருப்பைச் சுவாகிலி மொழியில் 'கிஜிஜி', அதாவது கிராமம் என்றே வழங்குகின்றனர். 1996 இல் அவர்கள் அமைத்துக்கொண்ட 'முவூங்கானோ வா வானவிஜிஜி' என்னும் இயக்கத்தின் பெயருக்குக் கிராமத்தவர் ஒன்றியம் என்பதே பொருள். நாம் வழக்குக் கருதிச் சேரி என்றே எழுதுகின்றோமாயினும் அங்குள்ளோர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் இதுவன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

புகையிரதத்தாற் பிறந்த நகர்

ஆபிரிக்காவின் பல நகரங்களுக்கு நெடிய வரலாறு உண்டு. நைரோபிக்கு அது இல்லை. மாசாய் மக்கள் தம் மந்தைகளுக்கு நீர் காட்டிய, குளிர்ந்த நீரோடை ஒன்றின் கரையிலுள்ள சதுப்பு நிலமாகவே அது இருந்தது. நகரின் பெயரும் 'குளிர்ந்த நீர்' எனப் பொருள்படும் மாசாய்ச் சொற்றொடரிலிருந்து வந்ததே. மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்ரோறியா ஏரியை நோக்கி 1896 இல் பிரித்தானியர் அமைக்கத் தொடங்கிய புகையிரதப் பாதை 1899 இல் இவ்விடத்தை அடைந்தது. மேற்கே பிளவுப் பள்ளத்தாக்கிற் பாதை இறங்குவதற்கு முன் பண்டங்களையும் இயந்திரங்களையும் குவித்து வைக்க ஒரு சமதரை வேண்டியிருந்தது. அக்களஞ்சியமே நகராயிற்று. பாதை அமைக்கவென இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 32,000 தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். எஞ்சியோரிற் பெரும்பாலார் நாடு திரும்ப, தங்கியவர்களும் பின்வந்த வணிகரும் நகரின் கடைத்தெருவை உருவாக்கினர். 1905 இல் ஆட்சிப்பீடம் மொம்பாசாவிலிருந்து இங்கு மாற்றப்பட்டது. வடிகாலற்ற சதுப்பு நிலம் மக்கள் குடியிருப்பிற்கு உகந்ததன்று என்று அக்காலத்து மருத்துவ அலுவலர் எச்சரித்தும் பயனிருக்கவில்லை. தண்டவாளம் இடப்பட்டாயிற்று, நகரை இனி எங்ஙனம் பெயர்ப்பது!

1902 இல் கொள்ளைநோய் தோன்றியபோது இந்தியர் கடைத்தெரு தீக்கிரையாக்கப்பட்டது. நோயைச் சாட்டாகக் கொண்டு இனங்களைப் பிரித்துக் குடியமர்த்தும் கொள்கையும் உருப்பெற்றது. 1913 இல் நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்த சிம்சன் என்னும் நிபுணர் இப்பிரிவினையை வெளிப்படையாகவே விதந்துரைத்தார். மேற்கேயுள்ள செம்மண் மேட்டு நிலம் நீர் நன்கு வடியும் தன்மையது, அது ஐரோப்பியருக்காயிற்று. வடக்கே பார்க்லண்ட்ஸ் முதலிய பகுதிகள் ஆசியருக்காயின. கிழக்கே, மழை பெய்தால் நீர் தேங்கும் கருங்களிமண் சமவெளி ஆபிரிக்கருக்கு விடப்பட்டது. இனப்பிரிவினைச் சட்டங்கள் நீங்கிப் பல்லாண்டுகளாகியும் மண்ணின் நிறத்தைக் கொண்டே நகரின் செல்வத்தையும் வறுமையையும் இன்றும் பெருமளவிற்கு இனங்காண முடிகின்றமை புவியியல் மாணவர் கவனிக்கற்பாலது.

ஆபிரிக்கர் நகரில் இருப்பதே தற்காலிகமானது என்பது குடியேற்ற ஆட்சியினரின் அடிப்படை எண்ணம். 'கிப்பண்டே' எனப்பட்ட பதிவுப் பத்திரத்தை வளர்ந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் சிறு உலோகப் பேழையிலிட்டுக் கழுத்திற் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தொழிலாளியின் மனைவியும் மக்களும் கிராமத்தில் உழுதுண்டு வாழ்வர்; ஆகவே அவனுக்குத் தனியாள் ஒருவனுக்கான கூலி போதும், படுக்க ஓரிடமும் போதும். இக்கணக்கின்படியே மாநகரசபையும் தொழிலதிபரும் கட்டிய விடுதிகளில் 'கட்டிலிடம்' வழங்கப்பட்டது, வீடு வழங்கப்படவில்லை. 1920களின் தொடக்கத்தில் அமைந்த பும்வானி ஒன்றே அந்நாளில் ஆபிரிக்கர் தாமே வீடு கட்டி வாழ அனுமதி பெற்ற திட்டமிட்ட குடியிருப்பு. அங்கும் வீட்டுக்காரர் அறைகளை வாடகைக்கு விட்டே சீவித்தனர்.

கிபேராவின் தோற்றம் சற்று வேறானது. பிரித்தானியப் படையிற் சேவை புரிந்த சூடானியரான நூபிய வீரருக்கு, நகரின் தென்மேற்கே காடாகக் கிடந்த ஏறக்குறைய 4,200 ஏக்கர் நிலம் முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஒதுக்கப்பட்டது. காடு என்னும் பொருளுள்ள நூபியச் சொல்லே அவ்விடத்தின் பெயராயிற்று. ஆயினும் அவ்வீரருக்கு நிலவுறுதி எதுவும் வழங்கப்படவில்லை; அரசின் தயவில் வாழும் குடிகளாகவே அவர்கள் இருந்தனர். காலப்போக்கில் அவ்வொதுக்கத்தின் பெரும்பகுதியை வீடமைப்புத் திட்டங்களும் பிற தேவைகளும் விழுங்கின. நூறாண்டு கடந்து, 2017 இல், 288 ஏக்கர் நிலத்துக்கான சமூக உறுதி நூபியருக்கு வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலமெல்லாம் கிபேராவில் யாருக்கும் நிலம் சொந்தமில்லை. நிலம் சொந்தமில்லாதவிடத்து வீடு சொந்தமாகும் விந்தையைப் பின்னர் காண்போம்.

எண்களும் ஐயங்களும்

1948 இல் 118,976 ஆக இருந்த நைரோபியின் குடித்தொகை, 1969 இல் 509,286 ஆகவும், 1989 இல் 1,324,570 ஆகவும், 2009 இல் 3,138,369 ஆகவும், 2019 இல் 4,397,073 ஆகவும் உயர்ந்தது. எழுபது ஆண்டுகளில் முப்பத்தேழு மடங்கு. 1963 இல் நகரெல்லை விரிவாக்கப்பட்டமை இவ்வுயர்வின் ஒரு பகுதியை விளக்கும். அவசரகாலச் சட்டத்தின் கீழ் 1954 ஏப்ரிலில் பல்லாயிரம் கிக்குயூ மக்கள் நகரிலிருந்து பிடித்தகற்றப்பட்டனர்; சுதந்திரம் கிடைத்து அத்தகைய தடைகள் நீங்கியதும் அடக்கி வைக்கப்பட்டிருந்த குடிப்பெயர்வு ஒருங்கே நிகழ்ந்தது. நகரிற் பிறப்போரின் தொகையும் ஆண்டுதோறும் கூடிவந்தது.

வேலையற்றோர் மலிந்த நகருக்கு மேலும் மேலும் மக்கள் வருவதேன்? கென்யாவின் அனுபவத்தைக் கொண்டே 1970 இல் ஹரிஸ், தொடாரோ ஆகிய இரு பொருளியலாளர் இதற்கு விடை கூற முற்பட்டனர். நகரிற் கிடைக்கும் கூலியையும் அது கிடைப்பதற்குள்ள வாய்ப்பையும் பெருக்கி வரும் எதிர்பார்ப்பே கிராமத்தவனை நகர்த்துகின்றது என்பது அவர்கள் வாதம். 1972 இல் கென்யா வந்த சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழு இன்னொன்றையும் கண்டது. வேலையற்றோர் என ஏடுகளிற் பதியப்பட்டோர் சும்மா இருக்கவில்லை. தகரம் வெட்டினர், செருப்புத் தைத்தனர், தெருவோரத்திற் சமைத்து விற்றனர். 'முறைசாராத் துறை' என்னும் தொடரை உலகெங்கும் பரப்பியது அக்குழுவின் அறிக்கையே. கென்யர் அதற்கிட்ட பெயர் 'ஜுவா காலி'. கொளுத்தும் வெயில் என்பது பொருள். கூரையற்ற தொழிற்கூடத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்தல் அரிது.

எண்களை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். கிபேராவில் பத்து இலட்சம் மக்கள் வாழ்கின்றனர், ஆபிரிக்காவின் மிகப் பெரிய சேரி அதுவே என்று உதவி நிறுவனங்களும் பத்திரிகைகளும் பல்லாண்டு எழுதிவந்தன. 2009 குடிசன மதிப்பு அங்கு 170,070 பேரையே கண்டது. கணக்கெடுப்பிற் சிலர் விடுபட்டிருக்கலாம் எனக் கொண்டாலும் இவ்விடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. பெரிய எண் உதவி திரட்டுவோருக்குப் பயன்பட்டது, அரசியல்வாதிக்கும் பயன்பட்டது. ஆயினும் குறைந்த எண்ணைக் கண்டு பிரச்சினையே குறைந்துவிட்டதாகக் கருதுவதும் தவறாகும். நைரோபியின் மக்களில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் குடியிருப்பு நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்குக்கும் குறைவான பரப்பிலே நெருங்கி வாழ்ந்ததாக 1993 இல் நிகழ்ந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கிபேரா ஒன்றே சேரியன்று; மதாரே, முக்குரு, கொறொகோச்சோ எனப் பல உள.

அறையும் வாடகையும்

இனி அறைக்கு வருவோம். நைரோபிச் சேரியின் அலகு வீடன்று, அறையே. ஏறக்குறைய பத்தடி நீளம், பத்தடி அகலம். வரிச்சுக் கட்டி மண் பூசிய சுவர், அல்லது தகரச் சுவர். மேலே தகரக் கூரை. ஒரே கூரையின் கீழ் இவ்வாறான ஆறு முதல் பத்து அறைகள் ஒரு முடுக்கின் இருபுறமும் வரிசையாக அமைந்திருக்கும். ஓர் அறையில் ஒரு குடும்பம். திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டுப் படுக்கையைச் சமையலிலிருந்து பிரிப்பர். பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களை அயலவர் அறைக்கு உறங்க அனுப்புதலும் உண்டு.

இவ்வறைகளைக் கட்டியவர் யார்? நிலம் பெரும்பாலும் அரசுடையது. ஆற்றங்கரை, புகையிரதப் பாதையோரம், மின்கம்பி வழி என எவரும் வாழத் தகாதவை என ஒதுக்கப்பட்டவை. அங்கே அறை கட்ட விரும்புபவர் உள்ளூர் நிர்வாகத்தின் தலைமை அலுவலரிடம் சென்று 'அனுமதி' பெறுவர். அவ்வனுமதி சட்டத்தில் இல்லை. அதற்கான கொடுப்பனவு மட்டும் உண்டு. கூரை பழுதுபார்க்கவும் அவ்வாறே. ஆகவே அத்துமீறல் என்று நாம் நினைப்பது அங்கே ஒழுங்காக நடைபெறும் ஒரு நிர்வாகச் செயலாகும். கிபேராவில் அறை உரிமையாளர் பற்றி 2000 ஆம் ஆண்டை அடுத்து நைரோபிப் பல்கலைக்கழகத்தினர் மேற்கொண்ட ஆய்வு, அவர்களுட் பெரும் பகுதியினர் அரச அலுவலரும் அரசியல்வாதிகளும் எனவும், ஏனையோரிலும் பலர் அச்சேரியில் வாழாதவர் எனவும் காட்டியது. சேரியை அகற்ற வேண்டியவர்களும் அதிலிருந்து வாடகை பெறுபவர்களும் ஒரே வட்டத்தினராயின் என்ன நிகழும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மதாரேப் பள்ளத்தாக்கின் கதை இன்னும் தெளிவானது. சுதந்திரத்தின் பின் அங்கு குடியேறிய ஏழைகள், தம் குடிசைகள் இடிக்கப்படும் என்னும் அச்சத்தால், 1960களின் இறுதியில் கூட்டாகப் பணம் சேர்த்து நிலத்தைத் தனியாரிடம் விலைக்கு வாங்கினர். கூட்டுறவு முயற்சியாகத் தொடங்கிய இது ஓரிரு ஆண்டுகளிலேயே உருமாறியது. வெளியிலிருந்த பணமுடையோர் பங்குகளை வாங்கினர், சங்கங்கள் கம்பனிகளாயின, நீண்ட மரக் கொட்டில்களைக் கட்டி அறை அறையாக வாடகைக்கு விட்டன. நிலத்தைக் காக்கப் பணம் சேர்த்தவர்கள் அந்நிலத்திலேயே வாடகைக் குடிகளாயினர். இம்மாற்றத்தை அக்காலத்தே உணர்ந்தவர் சிலரே. நைரோபியின் ஏழைகளைத் தம் உழைப்பால் நகரொன்றை எழுப்பியோராக அன்ட்ரூ ஹேக் 1977 இல் எழுதிய நூல் போற்றியது. அந்நூலின் பரிவு உயர்ந்தது. ஏழாண்டுகளின் பின் பிலிப் ஏமிஸ் என்னும் ஆய்வாளர், இம்மக்கள் நிலம் பிடித்தோரா, வாடகையாளரா என்ற வினாவையே தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கி, விடையைத் தெளிவாக உரைத்தார்.

இவ்வியாபாரத்தின் பொருளியல் எளிதானது. நிலத்திற்கு விலை இல்லை, வரி இல்லை, கட்டட ஒழுங்குவிதி இல்லை. செலவான பணம் ஓரிரு ஆண்டுகளுள் வாடகையாகத் திரும்பிவிடும். அவ்வாறு திரும்பியே ஆகவேண்டும். ஏனெனில் எந்நாளும் இடிப்பு நிகழலாம். 1970 இலும் 1990 இலும் நிகழ்ந்த பெரும் இடிப்புகளை எவரும் மறக்கவில்லை. இடிப்பின் அச்சம் உரிமையாளரை விரைவிற் பணம் மீட்கத் தூண்டுகின்றது. அவ்வவசரம் சுவரையும் கூரையையும் மலிவாக்குகின்றது. மலிவான அறைக்கும் வாடகை மட்டும் குறைவதில்லை, நகரில் வேறிடம் இல்லாமையால். சேரியை ஒழிக்கும் நோக்குடன் ஆட்சியாளர் கையாண்ட அச்சுறுத்தலே சேரியின் இழிநிலையை நிலைநிறுத்தியது என்பது எமது துணிபு. 2004 ஆய்வின்படி சேரிக் குடும்பங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினருக்கே குழாய்நீர் இணைப்போ மின்னிணைப்போ இருந்தது.

வாடகையாளர் தாமே வீடு கட்ட முனையாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பலரது மனத்தில் நைரோபி தொழில் செய்யும் இடம் மட்டுமே. 1987 இல் கென்யாவையே உலுக்கிய வழக்கொன்றினை இங்கு நினைவுகூரலாம். நைரோபியில் வாழ்ந்து மறைந்த வழக்கறிஞர் எஸ். எம். ஒற்றியேனோவை எங்கு அடக்கம் செய்வது என்பதில் கிக்குயூ இனத்தவரான அவர் மனைவிக்கும் லுவோக் குலத்தவருக்கும் இடையே பிணக்கு எழுந்தது. நகரில் ஒருவருக்கு இருப்பது வெறும் வீடு, இல்லம் என்பது மூதாதையர் மண்ணே எனக் குலத்தவர் வாதிட்டனர். தீர்ப்பும் அவர்கள் பக்கமே சாய்ந்தது. வசதி படைத்த ஒருவருக்கே இந்நிலையாயின், பத்தடி அறையில் வாழும் கூலித் தொழிலாளி தன் சேமிப்பைக் கிராமத்துக்கு அனுப்புவதில் வியப்பில்லை. ஆயினும் கிராமத்தில் நிலமில்லாதோரும் நகரிலேயே பிறந்தோரும் பெருகியுள்ள இக்காலத்தில் இக்காரணம் வலிவிழந்து வருகின்றது.

வாடகையின் அரசியலை 2001 ஆம் ஆண்டின் இறுதியிற் கிபேராவிற் கண்டனர். அங்கு வாடகை மிகையானது, குறைக்கப்பட வேண்டும் என்று சனாதிபதி மோய் கூற, அத்தொகுதியின் பிரதிநிதியும் அமைச்சருமான ரயிலா ஒடிங்கா அதனை வழிமொழிந்தார். வாடகையாளர் கொடுப்பனவை நிறுத்தினர். அறை உரிமையாளருள் நூபியர் பலர். வாடகையாளருள் லுவோ இனத்தவர் பலர். வாடகைப் பிணக்கு சில நாட்களில் இனக் கலவரமாயிற்று. உயிர்கள் பலியாயின, வீடுகள் எரிந்தன. செய்தித் தாள்கள் இன மோதல் என்றே எழுதின. அது அவ்வாறு தொடங்கவில்லை.

நீரும் நலமும்

நகர நீர் வழங்கலின் பெருங்குழாய் சேரியின் விளிம்போடு நின்றுவிடுகின்றது. அங்கிருந்து தனியார் சிலர் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களைத் தரைமீதே, பல இடங்களிற் கழிவுநீர் வாய்க்காலினூடே, இழுத்துச் செல்வர். குழாயில் அமுக்கம் உள்ளபோது நீர் வெளியே கசியும். அமுக்கம் குறைந்ததும் வாய்க்கால் நீர் வெடிப்புகளினூடே குழாயுட் புகும். விநியோகம் விட்டுவிட்டு நிகழ்வதால் இது அன்றாடம் நடைபெறுகின்றது. இருபது லீற்றர் கொள்ளும் மஞ்சட் கலன்களில் நீர் விற்கப்படும். அலகுக் கணக்கிற் பார்த்தால், தோட்டமும் நீச்சற் குளமும் உடைய மேற்குப் பகுதி வீட்டாரிலும் சேரிவாசி பன்மடங்கு கூடிய விலை கொடுக்கின்றார்.

மலகூடங்களின் நிலையையும் வாடகையே தீர்மானிக்கின்றது. குழி மலகூடத்துக்கு ஒதுக்கும் நிலத்தில் இன்னுமோர் அறை கட்டினால் மாத வருவாய் கிடைக்கும். ஆதலாற் பல குடும்பங்களுக்கு ஒரு மலகூடம். சில முடுக்குகளில் அதுவும் இல்லை. இரவில் இருளில் நெடுந்தூரம் செல்லப் பெண்கள் அஞ்சுவர், அவ்வச்சம் வீணானதன்று. பைகளிற் கழித்து வெளியே எறியும் வழக்கத்திற்குப் 'பறக்கும் மலகூடம்' என்று பெயரிட்டு வெளிநாட்டார் நகைத்தனர். நகைப்பிற்கு இதில் இடமிருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

இதன் விலையைச் செலுத்தியோர் குழந்தைகள். ஆபிரிக்கக் குடித்தொகை, சுகாதார ஆய்வு நிலையம் 2000 ஆம் ஆண்டு நடத்திய ஆய்வு, நைரோபிச் சேரிகளிற் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 151 பேர் ஐந்து வயது நிரம்புமுன் இறப்பதாகக் கண்டது. அக்காலத்தில் கென்யக் கிராமப்புறங்களில் இத்தொகை 113. நைரோபி நகர் முழுமைக்கும் 62. நகரில் மருத்துவமனை அருகிலுள்ளமையால் நகரக் குழந்தை கிராமக் குழந்தையினும் பிழைக்கும் வாய்ப்புடையது என்பதே நீண்ட நாள் நம்பிக்கை. நகரின் சராசரிக் கணக்கு அந்நம்பிக்கையை மெய்ப்பிப்பது போலத் தோன்றி, சேரிக் குழந்தைகளின் சாவை மறைத்துவிட்டது. அதன்பின் இவ்விறப்பு வீதம் கணிசமாகக் குறைந்துள்ளதாயினும், சராசரியை நம்பும் ஆய்வாளருக்கு அன்றைய மூன்று எண்களும் இன்றும் பாடமாகும்.

திட்டங்கள்

ஆட்சியாளர் எதுவும் செய்யவில்லை எனக் கூறுதல் நியாயமன்று. 1975 இல் உலக வங்கியின் உதவியோடு நகரின் கிழக்கே டண்டோராவில் 6,000 மனைகள் கொண்ட திட்டம் தொடங்கப்பெற்றது. மனையும் நீரும் கழிவகற்றலும் அரசு தரும். வீட்டை ஏழைகள் தாமே படிப்படியாகக் கட்டிக்கொள்வர் என்பது எண்ணம். மனை பெற்றோருட் பலர் அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். சிலர் உரிமையையே விற்றனர். திட்டம் தோற்றதாக அன்று விமர்சித்தோர் உளர். வாடகையே வீட்டின் இயல்பாக அமைந்த நகரில் ஏழைக்கும் அதுவே வருவாய் வழி. இதனை ஒழுக்கக் குறைபாடாகக் கொள்வதற்கில்லை.

ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்பு நிறுவனம் 1978 முதல் நைரோபியிலேயே தலைமையகத்தைக் கொண்டுள்ளது. அந்நிறுவனத்தோடு இணைந்து அரசாங்கம் கிபேராவைச் சீரமைக்கும் திட்டத்தை 2004 இல் தொடக்கிற்று. கிழக்குச் சொவெற்றோப் பகுதியினரை இடைக்காலத்திற் குடியமர்த்தவென 600 வீடுகள் கொண்ட மாடித்தொகுதி அயலிலே எழுப்பப்பட்டு, 2009 இல் மக்கள் குடிபெயர்ந்தனர். ஒரு வீட்டைக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. குழாய்நீரும் மின்சாரமும் உள்ள அவ்வீட்டறைகளை வசதியுடையோருக்குக் கூடிய வாடகைக்கு விட்டுச் சேரிக்கே திரும்பியோர் உளர். அவர்களைக் குறைகூறுமுன் கணக்கொன்றைப் பார்த்தல் நன்று. மேலதிகமாகக் கிடைக்கும் வாடகை பிள்ளையின் பாடசாலைக் கட்டணமாகும், மாடியிலே கரி அடுப்பு வைத்து மீன் பொரித்து விற்க முடியாது, சேரியில் முடியும். அறை உரிமையாளரோ தம் வருவாய் பறிபோவதென நீதிமன்றம் சென்று அடுத்த கட்டத்தைத் தாமதப்படுத்தினர்.

தனியார் வேறொரு வழியிற் செல்கின்றனர். ஹுறுமா, பைப்லைன் முதலிய பகுதிகளில் ஆறு, ஏழு மாடிகள் கொண்ட கட்டடங்கள் சுவரோடு சுவர் ஒட்டி எழுந்துள்ளன. ஒவ்வொரு மாடியிலும் அதே பத்தடி அறைகள். கல்லாற் கட்டப்பட்டவை என்பதால் இவற்றைச் சேரி என எவரும் எழுதுவதில்லை. கீழ்மாடிகளில் நண்பகலிலும் விளக்கு வேண்டும்.

எமது நோக்கில், முக்குருவில் நிகழ்வதே கூர்ந்து கவனிக்கற்பாலது. கைத்தொழிற் பேட்டையை அடுத்த இந்நிலம் தொழிற்சாலை கட்டுவதற்கெனத் தனியாருக்குக் குத்தகைக்கு வழங்கப்பட்டது, தொழிற்சாலை பல இடங்களிற் கட்டப்படவில்லை, சேரி எழுந்தது. 2017 இல் நகர நிர்வாகம் இதனைச் சிறப்புத் திட்டமிடற் பகுதியெனப் பிரகடனம் செய்தது. முன்குறிப்பிட்ட கிராமத்தவர் ஒன்றியத்தினரும் பல்கலைக்கழகத்தினரும் ஏறக்குறைய ஓர் இலட்சம் குடும்பங்களைக் கணக்கெடுத்து, பத்துப் பத்துக் குடும்பங்களாகக் கூட்டிக் கருத்துக் கேட்டுத் திட்டம் வகுத்தனர். அறை உரிமையாளரோடு வாடகையாளரும் எண்ணப்பட்டனர் என்பதே இதன் சிறப்பு. 2020 முதல் சில வீதிகளும் கழிவுநீர்க் குழாய்களும் வந்தன. நிலவுரிமை மட்டும் தீரவில்லை. 2021 நவம்பரில், வீதியொன்றை அமைக்கவென முக்குருவின் ஒரு பகுதியாகிய குவா ஞ்ஜெங்காவில் பல்லாயிரம் பேரின் குடியிருப்புகள் இயந்திரங்களால் தரைமட்டமாக்கப்பட்டன. மக்கள் அவ்விடத்தை விட்டகலாது கூடாரமிட்டுத் தங்கினர். அரசு அவர்களை மீளக் குடியேற அனுமதித்ததும் நிலத்தை அளந்து பங்கிடும் வேலை தொடங்கிற்று. அப்போதுதான் அறை உரிமையாளருக்கும் அவ்வறைகளில் ஆண்டுக்கணக்காய் வாடகைக்கு இருந்தோருக்கும் இடையே கைகலப்பு மூண்டது. இடிந்த அறை யாருடையதென்பதில் இருதரப்பாருக்கும் ஐயமில்லை. அறை போனபின் எஞ்சிய தரை யாருக்குரியது என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.